ஒரு லிட்டர் கொதிக்கும் நேரம்

அன்பு மருமகளுக்கு,

உன் அத்தை எழுதுவது. கையில் கட்டு இருக்கும், கடிதத்தைப் பிடிக்க வராது. உன் அக்காவைப் படித்துக் காட்டச் சொல். முதுகில் ஒட்டுவைத்த தோல் பிடித்துக்கொண்டதா? அன்று ரவிக்கையை வெட்டி எடுத்தபோது சதையும் உரிந்து வந்ததே, அந்த அலறல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

நீ புகாரை வாபஸ் வாங்கப்போகிறாய் என்று உன் புருஷன் சந்தோஷத்தில் குதிக்கிறான். ஜாமீனில் வந்ததிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறான். "நீ எழுதினா அவ கேப்பாம்மா. ஒரு நொடிக் கோவம், அவ்ளோதான்" என்று உறையும் தபால்தலையும் அவனே வாங்கிவந்து வைத்தான். உன்னிடமும் இதையே சொல்லி அழுதானாம்.

நான் இயற்பியல் நடத்தியே நரைத்தவள். கணக்குப் போட்டேன். அவன் உன்மேல் ஊற்றியது கெட்டில் நிறைய ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ தண்ணீர். அதை ஒரு டிகிரி சூடாக்க 4,200 ஜூல் வேண்டும்; அதுதான் தண்ணீரின் தன்வெப்பம். குழாய்த் தண்ணீர் 28 டிகிரி, கொதிப்பது 100. ஏறவேண்டியது 72. பெருக்கினால் 3,02,400 ஜூல். கெட்டில் 1,500 வாட். விநாடிக்கு 1,500 ஜூல்தான் தரும். வகுத்தால் இருநூறு விநாடிக்கு மேல். பள்ளியில் இந்தக் கணக்கில்தான் அவன் எப்போதும் கோட்டைவிடுவான்.

உங்களுக்கு வாங்கியபோது எனக்கும் வாங்கிய அதே மாதிரிக் கெட்டிலை நிரப்பிப் போட்டுப் பார்த்தேன். பாத்திரம் கழுவினேன், மேடையைத் துடைத்தேன், ஜன்னலைச் சாத்தினேன். இன்னும் கொதிக்கவில்லை. அவ்வளவு நேரம் அவன் அங்கே நின்றிருக்கிறான். குழாய்ச் சத்தம் கேட்டு, "கோவம் தணிஞ்சு காபி போடறார்னு நெனச்சேன் அத்தை" என்றாயே. நீ கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாய். அவன் கொதிக்கட்டும் என்று காத்திருந்தான்.

அது கோபமில்லையம்மா. நாளை அவன் காலில் விழுந்தாலும் திரும்பி வராதே.

நீதிமன்றத்தில் இந்தக் கணக்கைச் சொல்லக் கூப்பிட்டால் வருவேன். பெற்ற வயிறு பற்றி எரிகிறது. ஆனாலும் வருவேன்.

கடிதத்தைத் தானே தபாலில் போடுகிறேன் என்று வாசலில் நிற்கிறான். நானே போய்ப் போடுகிறேன். முதுகு ஆறி, மல்லாந்து படுத்து நிம்மதியாகத் தூங்கு, கண்ணே. எதிலும் கையெழுத்துப் போடாதே.

என்றும் உன் பக்கம் நிற்கும்
அத்தை