வளைவில் செத்தவன்

லாஸ் பத்தாகுவாஸ்
7 மார்ச் 1994

அன்புள்ள எதெல்மிரா அக்காவுக்கு,

இங்கே நானும் மகன் அபெலினோவும் பேரப்பிள்ளைகளும் சுகம். நீ கடிதம் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. தால்காவில் தபால்தலை விற்பதை நிறுத்திவிட்டார்களா என்று அபெலினோ கேட்கிறான்.

ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள். வளைவில் நம் தாத்தா சுடப்பட்ட இடத்தில் ஊரார் மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்ளும் குடில் புது ரோட்டுக்கு நடுவில் வருகிறதாம். எதிர்ப்பக்கம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்று இன்ஜினியர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், புதுக் கல் வைத்துவிடலாம் என்கிறது ஊர். குஸ்தோதியோ ரெத்தமால் என்று பெயர் பொறித்து, கீழே அவர் செத்த தேதியும் போட வேண்டும். 1931, திராட்சை அறுவடைச் சமயம் என்பது மட்டுந்தான் எனக்குத் தெரியும். உன் வீட்டுப் பக்கத்தில்தானே நூலகம்? பழைய பத்திரிகையில் பார்த்து எழுது.

தாத்தா குதிரை திருடியவர்தான். ஆனால் அபெலினோ குழந்தையில் காய்ச்சலாகக் கிடந்தபோது நான் குடிலில் வேண்டிக் கேட்டதைக் கொடுத்தவரும் அவர்தான். கல் நன்றாக அமைய வேண்டும்.

உன் தங்கை
ஒதிலியா

தால்கா
21 மார்ச் 1994

அன்புத் தங்கை ஒதிலியாவுக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்தலை கிடைக்கிறது, முழங்கால்தான் தபால் நிலையம் வரை வர மறுக்கிறது. அபெலினோவிடம் சொல்.

நூலகத்தில் இருக்கும் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கம்மா?" என்றாள். "அஞ்சாவது. படிச்சதை மறக்காத அஞ்சாவது" என்றேன். 1931-ஆம் வருடக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். எழுத்து பொடிதான், ஆனாலும் ஒரு வரி விடாமல் படித்தேன்.

தேதி மார்ச் 14. பண்ணையில் களவுபோன குதிரையில் ஒருவன் வந்திருக்கிறான். காவலர்கள் நிற்கச் சொல்லியும் நிற்கவில்லை, சுட்டுவிட்டார்கள். குண்டு பட்டதில் முகம் அடையாளம் தெரியவில்லை. மனைவி குளோரிந்தாவைக் கூட்டிவந்து காட்டியதும், "என் புருஷன்தான்" என்று பாட்டி சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. ஆனால் செத்தவனுக்கு வலது காலில் ஆறு விரல் என்று போட்டிருக்கிறது. தாத்தாவுக்கு ஆறு விரல் என்று உன்னிடம் யாராவது சொன்னதுண்டா? அம்மா என்னிடம் சொன்னதே இல்லை.

இன்னும் கொஞ்சம் தேடுகிறேன். பூசணி காய்த்திருந்தால் யாரிடமாவது ஒன்று கொடுத்தனுப்பு.

எதெல்மிரா

லாஸ் பத்தாகுவாஸ்
2 ஏப்ரல் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

மார்ச் 14 என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். மே மாதம் கல் வந்துவிடும். பத்திரிகைக்காரன் விரலைத் தப்பாக எண்ணியிருப்பான், நீ அதை எண்ணிக்கொண்டு உட்காராதே. பூசணி பஸ்ஸில் வருகிறது, டிரைவரிடம் கேட்டு வாங்கிக்கொள்.

ஒதிலியா

தால்கா
18 ஏப்ரல் 1994

அன்புத் தங்கைக்கு,

பூசணி வந்தது, இனிப்பாக இருந்தது. இனி எழுதப்போவது உனக்கு இனிக்காது. உட்கார்ந்து படி.

1936-ஆம் வருடப் பத்திரிகையில் கோர்ட்டுச் செய்தி ஒன்று இருக்கிறது. அடுத்தவன் கோவேறு கழுதைகளைச் சந்தையில் விற்ற ஒருவனைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பெயர் குஸ்தோதியோ ரெத்தமால், ஊர் லாஸ் பத்தாகுவாஸ். நீதிபதியிடம் அவன் சொன்னது அப்படியே அச்சாகியிருக்கிறது: "ஐயா, நான் செத்து அஞ்சு வருஷமாச்சு. எங்க ஊர்ல எனக்கு மெழுகுவத்தி ஏத்துறாங்க. செத்தவன் மேல கேஸ் போட முடியுங்களா?" கோர்ட்டே சிரித்ததாம். "செத்தவனுக்கு வெளியே என்ன வேலை?" என்று சொல்லி நீதிபதி மூன்று வருடம் உள்ளே போட்டுவிட்டார். நானும் நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அடுத்த பத்தியில் சிரிப்பு நின்றது. களவாடிய குதிரையை அறுவடைக்கு வந்த ஒரு பையனுக்கு விற்றாராம். அதில் போனவனைத்தான் சுட்டார்களாம். அதையும் அவரே வாயால் சொல்லியிருக்கிறார்.

திரும்பவும் 1931-க்குப் போனேன். ஏப்ரல் மாத இதழ்களின் மூலையில் ஒரு சிறிய விளம்பரம், திரும்பத் திரும்ப வருகிறது. கடலோரத்துப் பூத்தூவில் இருந்து த்ரான்சித்தோ என்ற பெண்மணி கொடுத்தது. "அறுவடைக்குப் போன என் மகன் லிபோரியோ வீடு திரும்பவில்லை. வயது பத்தொன்பது. வலது காலில் ஆறு விரல். பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்." மே மாதத்துக்கு அப்புறம் அதைக் காணோம்.

ஒதிலியா, கல்லில் தாத்தா பெயர் வேண்டாம்.

எதெல்மிரா

லாஸ் பத்தாகுவாஸ்
25 ஏப்ரல் 1994

அக்காவுக்கு,

தேதி கேட்டேன், நீ ஆளையே மாற்றிவிட்டாய்.

நீ தால்காவில் இருக்கிறாய், அங்கே நீ யார் பேத்தி என்று யாருக்குத் தெரியும்? இங்கே சின்ன வயதில் என்னைத் திருடன் பேத்தி என்றார்கள். இன்றைக்குக் குடில்காரர் பேத்தி என்கிறார்கள். திங்கட்கிழமை தோறும் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து என்னிடம்தான் தீப்பெட்டி வாங்கி ஏற்றுகிறார்கள். சுவர் முழுக்க, வேண்டியது கிடைத்தவர்கள் மாட்டிய நன்றிப் பலகை. அத்தனையும் பொய் என்று நான் போய்ச் சொல்ல வேண்டுமா? அபெலினோ பிழைத்ததும் பொய்யா?

நீ படித்ததை உன்னோடு வைத்துக்கொள். எனக்கு இனி எழுதாதே.

ஒதிலியா

தால்கா
9 மே 1994

அன்புத் தங்கைக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். நான் மூத்தவள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன். கல் உன் இஷ்டம். அபெலினோ பிழைத்தது பொய் என்று நான் எங்கே சொன்னேன்? ஒன்றே ஒன்று கேட்கிறேன். கல்யாணமாகி நான் சீக்கிரமே ஊரை விட்டு வந்துவிட்டேன். பாட்டியோடு கடைசிவரை இருந்தவள் நீ. கட்டின புருஷனின் கால் ஒரு பெண்ணுக்குத் தெரியாதா?

எதெல்மிரா

லாஸ் பத்தாகுவாஸ்
13 ஜூன் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

மழை விடவில்லை. கோழிகள் முட்டையை நிறுத்திவிட்டன. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மழை காரணமில்லை.

பாட்டி வாராவாரம் குடிலுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போவாள். மெழுகுவத்தி ஏற்றுவாள், வறுத்த மாவைத் தண்ணீரில் கரைத்து ஒரு கோப்பையில் வைப்பாள். வைக்கும்போது "குடிடா, பையா" என்பாள். தாத்தா பெயரை அவள் அங்கே ஒருநாளும் சொன்னதில்லை. நாற்பது வயதை நெருங்கிய ஆளை எந்தப் பெண்டாட்டி பையா என்பாள்? நான் கேட்டதே இல்லை. உன் கடிதத்தை வைத்துக்கொண்டுதான் யோசித்தேன். காவலர்கள் தாத்தாவைத் தேடுவதை நிறுத்தட்டும் என்று "என் புருஷன்தான்" என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, சாகிற வரை அந்தப் பையனுக்கு ஊட்டியிருக்கிறாள். அவனைப் பெற்றவள் அதே சமயம் பத்திரிகையில் தேடிக்கொண்டிருந்தது பாட்டிக்குத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவள்தானே.

கொத்தனார் தாத்தா பெயரைப் பாதி வெட்டிவிட்டிருந்தார். கல்லைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் லிபோரியோ என்று வெட்டச் சொன்னேன். என்னைத் திட்டிக்கொண்டேதான் வெட்டினார்.

போன திங்கட்கிழமை குடிலை மாற்றினோம். ஊர் கூடியிருந்தது. நீ எழுதியதை எல்லாருக்கும் சொன்னேன், கோர்ட்டுக் கதையையும் விடவில்லை. சிலர் சிரித்தார்கள், சிலர் சொல்லாமல் கிளம்பினார்கள். மாவு மில்காரி எர்மெலிந்தா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இத்தனை வருஷமா உங்க தாத்தாகிட்டதானே கேட்டோம்? அப்ப எங்களுக்கெல்லாம் கொடுத்தது யாராம்?" என்றாள்.

"இந்தப் பையன்தான்" என்றேன். "எங்க தாத்தா யாருக்கும் எதையும் கொடுத்ததா எந்தப் பேப்பர்லயும் இல்ல."

அவள் குனிந்து கல்லில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு என்னிடம் தீப்பெட்டி கேட்டாள்.

மழை விட்டதும் பூத்தூவுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். த்ரான்சித்தோ வீட்டில் யாராவது மிச்சம் இருப்பார்கள். நீயும் வா. அவர்கள் வீட்டு வாசலில் முதலில் பேச வேண்டியது நீ, மூத்தவள் என்று சொன்னாயே.

உன் தங்கை
ஒதிலியா