சனிக்கிழமைகளில் மட்டும் குறையும் மைலேஜ்

மார்ச் 4

மெக்கானிக் அம்மாவுக்கு,

வணக்கம். நான் வீட்டை விட்டுப் பெட்டியோடு இறங்கிய அன்று நீ சொன்னதை மறக்கவில்லை. "போன் பண்ணாதீங்க. வண்டி ரிப்பேர்னா கடுதாசி போடுங்க, புருஷன்னு பார்க்காம பதில் போடறேன். வேற எதுவும் எழுதாதீங்க." ஆறு மாதமாக இந்த ஜீப்புக்குப் பெரிய கேடு எதுவும் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. தைரியமாக எழுதுகிறேன்.

லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, ஒன்பதைத் தாண்ட மாட்டேன் என்கிறது. சில நாட்களில் எட்டுதான். கேம்ப்பில் டீசல் பீப்பாயைப் பார்த்துக்கொள்பவர் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் ஆரம்பத்தில் பெரிய டயர் போட்டேன். பழையதைவிடக் கிட்டத்தட்ட மூன்று அங்குலம் உயரம். அது உரசாமல் இருக்க ஸ்பிரிங்கையும் உயர்த்தியாயிற்று. கூரை மேல் இரும்பு கேரியர் வேறு. உன்னைக் கேட்காமல் செய்தேன்.

நலமா என்று கேட்கக் கூடாது. கேட்கவில்லை.

வண்டிக்காரன்

மார்ச் 10

டவர்க்காரருக்கு,

ஊருக்கெல்லாம் செல்போன் சிக்னல் கொடுக்கிற மனிதர் நாலு நாள் பிரயாணம் செய்கிற கடிதத்தில் மைலேஜ் கேட்கிறீர்கள். சிரிப்பு வந்தது. அப்புறம் டயர் விஷயத்தைப் படித்ததும் போய்விட்டது. பதினெட்டு வருஷமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறவளை வைத்துக்கொண்டு எவனிடமோ போய் டயர் மாட்டினீர்களா? ஸ்பிரிங்கை வேறு தூக்கினானா?

பெரிய டயர் கனம். உருட்ட அதிக பலம் வேண்டும், அதற்கு டீசல் வேண்டும். வண்டி உயர்ந்தால் காற்று கூடுதலாக முட்டும். கேரியர் அதைவிட மோசம். வேலை இல்லாத நாளில் கழற்றி வையுங்கள். மணலுக்காக டயரில் காற்றை இறக்கினால் தார் ரோட்டுக்கு வந்ததும் ஏற்ற வேண்டும். ஏற்றியிருக்க மாட்டீர்கள், உங்கள் சோம்பல் எனக்குத் தெரியும். அஞ்சாவது கியரில் இன்ஜின் திணறினால் வீம்பு பிடிக்காமல் நாலுக்கு வாருங்கள்.

இன்னொன்று. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று மட்டும் உருட்டி, தரையில் எவ்வளவு தூரம் வந்தது என்று அளந்து எழுதுங்கள். பழைய ஸ்டெப்னியையும் அப்படியே அளக்கவும். எதற்கு இந்த டயர் என்றும் எழுதவும்.

மெக்கானிக்

மார்ச் 18

மெக்கானிக் அம்மாவுக்கு,

சொன்னபடி எல்லாம் செய்தேன். காற்று இறங்கித்தான் இருந்தது, நீ ஜெயித்தாய். கேரியரைக் கழற்றி அறைக்கு வெளியே சாய்த்து வைத்திருக்கிறேன். துணி காயப்போட வசதியாக இருக்கிறது. இப்போது ஒன்பதரை கிடைக்கிறது. ஆனால் சில நாள் எட்டுக்கு விழுவது மட்டும் நிற்கவில்லை.

பழைய டயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் இருபது சென்டிமீட்டர். புதியது இரண்டு மீட்டர் நாற்பத்திரண்டு. தனியாக அளந்ததில் முதலில் தப்பு வந்தது. ஒருவர் வண்டியை உருட்ட ஒருவர் பார்த்தால் சுலபம். இந்த வேலைக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் இங்கே நான் ஒருவன்தான்.

எதற்கு டயர் என்று கேட்டாய். அந்த ஓடைதான். செப்டம்பரில் இரண்டு நாள் என்னைச் சேற்றில் பிடித்து வைத்த அதே ஓடை. இப்போது எட்டு நிமிஷத்தில் தாண்டுகிறேன். இனி தாண்டி என்ன பயன் என்று நீ கேட்பாய். எனக்கும் தெரியும். ஆனாலும் போட்டேன்.

வண்டிக்காரன்

மார்ச் 24

டவர்க்காரருக்கு,

செப்டம்பரை எழுதக் கூடாது என்பதுதான் நம் ஒப்பந்தம். நீங்கள் எழுதிவிட்டதால் நானும் ஒரே ஒரு தடவை எழுதுகிறேன். வயிற்றிலிருந்த ஐந்து மாதக் குழந்தை போனது உங்கள் குற்றமில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் கையெழுத்துக்கு ஆள் இல்லாமல் நானே போட்டேன், நானே ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன், நானே அந்தச் சின்னத் துணிகளை மடித்து மேலே வைத்தேன். மூன்றாம் நாள் சேறும் சகதியுமாக நீங்கள் வந்து நின்றபோது உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான். இனி வண்டி.

உங்கள் மீட்டர் பொய் சொல்கிறது. அது சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை மட்டுமே எண்ணும், டயர் வளர்ந்தது அதற்குத் தெரியாது. உங்கள் அளவுப்படி பத்து சதவீதம் வித்தியாசம். மீட்டர் நூறு காட்டினால் நீங்கள் நூற்றுப்பத்து ஓடியிருக்கிறீர்கள். ஆக, ஒன்பதரை என்பது உண்மையில் பத்தரை. அந்த டயருக்கு அது நல்ல மைலேஜ், பீப்பாய்க்காரரிடம் சொல்லுங்கள்.

சில நாள் மட்டும் எட்டு என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நாளும் தூரமும் டீசலும் குறித்து வைப்பீர்களே, அதை டிசம்பரிலிருந்து அப்படியே நகல் எடுத்து அனுப்புங்கள்.

மெக்கானிக்

ஏப்ரல் 2

மெக்கானிக் அம்மாவுக்கு,

நகல் இத்துடன் இருக்கிறது. ஆறு பக்கம். ஒவ்வொரு தடவை திரும்பியதும் டேங்க்கை நிரப்பி எழுதியது, அதனால் டீசல் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

மைலேஜ் விழுகிற நாட்களைப் பற்றி நீ ரொம்ப யோசிக்க வேண்டாம். அன்றைக்கு ரோடு அப்படி. இன்னொன்றும் சொல்ல வேண்டும், செல்ஃப் சரியில்லை. ஒரு தடவை அணைத்தால் மறுபடி எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. வழியில் நிறுத்தவே பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக வைத்திருந்து இன்றைக்குத்தான் போடுகிறேன்.

வண்டிக்காரன்

ஏப்ரல் 8

உங்களுக்கு,

ஆறு பக்கத்தையும் கடை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மைலேஜ் விழுவது சனிக்கிழமைகளில் மட்டும். அதுவும் ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை. டிசம்பர் ஒன்பதிலிருந்து மார்ச் முப்பது வரை ஒன்பது தடவை. ஒன்பதிலும் மீட்டரில் நூற்றெண்பது.

போக தொண்ணூறு, வர தொண்ணூறு. உங்களுடைய நாலு டவரும் எங்கே இருக்கின்றன என்று எனக்கு மனப்பாடம். தொண்ணூறில் எதுவும் கிடையாது. எவளாவது இருக்கிறாளோ என்று நினைத்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், அரை மணி நேரம் நினைத்தேன்.

பிறகுதான் பத்து சதவீதத்தைக் கூட்டாமல் பார்க்கிறேன் என்று உறைத்தது. தொண்ணூறு என்றால் தொண்ணூற்றொன்பது. உங்கள் கேம்ப்பிலிருந்து நம் வீட்டு வாசல் வரை தொண்ணூற்றொன்பது. கல்யாணமான புதிதில் என்னைக் கூட்டிப் போனபோது மீட்டரைப் பார்த்து, "சே, ஒண்ணு குறையுதே" என்று கேம்ப்பை ரெண்டு சுற்று சுற்றி நூறாக்கினீர்கள்.

அந்தத் தூரத்துக்குப் பத்தொன்பது லிட்டர் போதும். ஒவ்வொரு சனிக்கிழமையும் இருபத்திரண்டு போயிருக்கிறது. நின்றுகொண்டே ஓடுகிற இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும். மூன்று மணி நேரம். செல்ஃப் பிடிக்காதென்று இன்ஜினை அணைக்காமல், தெருமுனை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தானே? வேறு எங்கே நின்றாலும் எனக்குத் தெரிந்திருக்கும். இங்கே கம்ப்ரஸர் போடும் சத்தத்தில் காதில் விழவில்லை.

வாருங்கள் என்று என்னால் எழுத முடியவில்லை. எழுதி எழுதி மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுத்த தடவை இன்ஜினை அணைத்து வையுங்கள். டீசல் வீண். கிளம்பும்போது ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேட்டரிக்குப் போடுகிற ஜம்பர் ஒயரை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

மெக்கானிக்

ஏப்ரல் 14

அன்புள்ள உனக்கு,

நகல் எடுக்கும்போது நூற்றெண்பதை வேறு எண்ணாக மாற்றி எழுதியிருக்கலாம். மீட்டர் விஷயத்தை நீ விளக்கியதுமே மாட்டிக்கொள்வேன் என்று தெரிந்துவிட்டது. மாற்ற மனம் வரவில்லை.

நேற்று வந்தேன். மூன்று மணிக்கு இன்ஜினை அணைத்தேன். நீ எழுதியதைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நம் வீட்டு முன்பக்கக் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஐந்தரை வரை யாரும் வரவில்லை. இறங்கி நடந்து வந்திருக்கலாம், நூறடி தூரம். ஆனால் நீ வரச் சொல்லவில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் வருவதாக மட்டும்தான் சொல்லியிருந்தாய்.

சாவியைத் திருப்பினேன். நாலு மாதமாக என் உயிரை வாங்கிய செல்ஃப் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு ஸ்டார்ட் புது வண்டியில்கூடப் பார்த்ததில்லை. அதற்கு மேல் அங்கே நிற்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

வடக்கு மலை உச்சிப் புது டவர் ஸ்டேஷனுக்கு ஆள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இன்று சரி என்று சொல்லிவிட்டேன். மேலே இன்னும் சிக்னலும் கிடையாது, வண்டிப் பாதையும் கிடையாது, நடந்துதான் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை ஜீப்பையும் ஆபீஸ் போனையும் ஒப்படைக்கிறேன். வண்டி இல்லை என்றால் உனக்கு எழுதவும் எனக்கு உரிமை இல்லை. இத்தனை நாள் பதில் போட்டதற்கு நன்றி. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னுடைய

ஏப்ரல் 21

என் அன்பான உங்களுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. உடனே கேம்ப்புக்குப் போன் செய்தேன். பீப்பாய்க்காரர்தான் எடுத்தார். "காலையிலயே ஏறிட்டாரும்மா. மேல போனா தபால் மாசம் ஒரு தடவதான்" என்றார். சாமான் தூக்குகிற ஆட்களிடம் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். அதனால் எழுதுகிறேன். இது எப்போது உங்கள் கைக்கு வரும் என்று தெரியாது.

நீங்கள் வந்த அன்றைக்கு நான் ஷட்டருக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். வந்த வண்டிகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, இரண்டரை மணியிலிருந்து ஜம்பர் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இன்ஜின் அணைந்த சத்தம் கேட்டது. ஸ்டார்ட் ஆகக் கூடாது, ஆகக் கூடாது என்று வாய்விட்டே சொன்னேன். பதினெட்டு வருஷமாக வண்டிகளை ஓட வைத்தவள் அன்றைக்கு ஒரு வண்டி ஓடக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். அது பிடித்துக்கொண்டது. ஸ்டார்ட் ஆகாவிட்டால்தானே வருவேன் என்று எழுதினாய், இப்போது எப்படிப் போவாய் என்று என் ரோஷமே என்னைப் பிடித்து நிறுத்தியது. நான் முனைக்கு ஓடி வந்தபோது புகை மட்டும்தான் இருந்தது.

தப்பு செய்துவிட்டேன். ஒயர் எதற்கு? வெறுங்கையோடு வந்திருக்க வேண்டும். மூன்றே எழுத்து, "வாங்க" என்று எழுதத் தெரியாமல் உங்களை மலையேற்றிவிட்டேன்.

நேற்று சனிக்கிழமை. மூன்று மணிக்குத் தொட்டிக்குப் பின்னால் போய், நீங்கள் நிற்கிற இடத்தில் நின்று பார்த்தேன். அங்கிருந்து நம் வீட்டில் என்ன தெரிகிறது? சமையலறை ஜன்னலில் பாதி, குழாய், என் பச்சைத் துண்டு. இதைப் பார்க்கவா பத்து தடவை வந்தீர்கள்? அழுகை வந்தது. உங்களுக்கும் அங்கே வந்திருக்கும்.

இறங்கி வாருங்கள். பஸ்ஸிலோ நடந்தோ எப்படியோ வாருங்கள். ஒரு மாதமானாலும் சரி.

ஐந்தரை வரை அங்கேயே நின்றேன். எதிர்வீட்டு அம்மா தண்ணீர் பிடிக்க வந்தவர், "யாருக்கும்மா இவ்ளோ நேரமா நிக்கிற?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர் வர்றாரு" என்று சொன்னேன்.

உங்கள் மனைவி