நான் போட்ட நாற்காலி

அன்புள்ள அப்பாவுக்கு, நான் நல்லா இருக்கேன். உங்க முட்டி வலி எப்படி இருக்கு? அம்மா மாதிரி மழுப்பாம சொல்லுங்க.

இந்த நகரத்துக்கு என்னென்ன வேணும்னு குடியிருக்கிறவங்களையே கேட்டுத் திட்டம் போடுறாங்க. நேத்து அந்தக் கூட்டத்துக்கு நாற்காலி போடுறது என் வேலை. போட்டு முடிச்சதும் ஒண்ணுல நானே உட்கார்ந்துட்டேன். "கிளம்புப்பா, இது குடியிருக்கிறவங்களுக்கு"ன்னார் அதிகாரி. "ஆறு வருஷமா நான் விருந்துக்கா வந்திருக்கேன்?"னேன். எங்க விடுதித் தெருவுக்கு விளக்கு வேணும்னு சொல்லிட்டுத்தான் எழுந்தேன். பயப்படாதீங்க, வேலை போகல.

நான் இங்கதான் குடியிருக்கேன்னு அந்த அதிகாரி அத்தாட்சி கேட்கிறார். உறைக்குப் பின்னால எழுதியிருக்கிற விலாசத்துக்கு ஒரு கடிதம் போடுங்க, ரெண்டு வரி போதும். இதுவரை இங்க என் பேருக்கு எதுவுமே வந்ததில்ல. அதைக் கையில வெச்சுக்கிட்டு அடுத்த கூட்டத்துல முன்வரிசையில உட்காருவேன்.

எங்களை வேலைக்குக் கூட்டிட்டுப் போற வண்டி ஹாரன் அடிக்குது.

உங்க மகன்