பாப்பாவின் நிறத்துக்கு ஒரு பிரிண்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு உன் அப்பாவே பெரிய வலி. மற்றபடி நன்றாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன வாரம் பேசும்போது குரல் கம்மியிருந்தது. வெந்நீர் குடி.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. போனில் நான் அப்பா என்று வாயெடுத்ததுமே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. தவிர, உள்ளே மூன்று துண்டுப் படங்கள் வைத்திருக்கிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். இதற்குள் கவரைக் கவிழ்த்துப் பார்த்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

நம் போட்டோ ஸ்டுடியோவின் பழைய பிரிண்டர் ஒருவழியாக மண்டையைப் போட்டுவிட்டது. பெரிய படமெல்லாம் இப்போது வெளியே லேபுக்குப் போகிறது. அங்கே போய் வருகிற முகமெல்லாம் ஒரே மாவில் பிசைந்த மாதிரி இருக்கிறது. சரி, புதிதாக ஒன்று வாங்கிவிடலாம், இருபத்துநாலு அங்குல அகலத்துக்கு ரோல் பேப்பரில் அடிக்கிற மாதிரி, என்று முடிவானது. நான் ஏதோ ஃப்ரிட்ஜ் வாங்குகிற மாதிரி நினைத்தேன். காலையில் போனால் மதியம் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்று. மாசக்கணக்கில் அலைகிறோம், அம்மாடி!

ஒரு மிஷினில் எட்டு மை, இன்னொன்றில் பன்னிரண்டு. கறுப்பிலேயே பளபளத் தாளுக்கு ஒன்று, பளபளப்பில்லாத மேட் தாளுக்கு ஒன்று. சாயத்தில் செய்த டை மை என்றால் சீக்கிரம் வெளுக்குமாம், பொடியில் செய்த பிக்மென்ட் மை என்றால் நம் காலத்துக்கும் நிற்குமாம். உன் அப்பா சோற்றில் கை வைத்தால் மைப் பேச்சு, கையைக் கழுவினால் பேப்பர் பேச்சு. கேட்டுக் கேட்டு நானே ஒரு கடை போடலாம் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எந்த ஷோரூமுக்குப் போனாலும் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டுவார். நம்ம படத்தைப் போட்டுப் பார்த்தால்தான் மிஷினின் லட்சணம் தெரியும் என்பார். முதல் இடத்தில் அதைக் கம்ப்யூட்டரில் திறந்தார்கள். எனக்குத் திக்கென்றது. அதில் இருந்தது ஒரே ஒரு படம், அதுவும் உன் படம். படிப்பு முடித்த வருஷம் வெள்ளைச் சட்டையில் எடுத்தாயே, அது. கடை வாசல் கண்ணாடிக்குள் மாட்டியதல்ல. அதற்கு முந்தையது, அப்பா அதில் கை வைப்பதற்கு முன்னால் இருந்தது.

வாசலில் மாட்டியதை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. கம்ப்யூட்டரில் உன் முகத்தை அவர் வெளுக்க வைத்து மாட்டியிருந்தார். படம் எடுக்க வந்த ஒருத்தி உன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, “இந்தப் பொண்ணு யாரு? நல்ல களையா இருக்காளே” என்று உன்னையே கேட்டாள். அந்தப் படத்தை இறக்கிவிடச் சொல்லி நீ கேட்டபோது, “உன்னை இருக்கிற கலர்லயே மாட்டினா கடைக்கு யாரு வருவா?” என்று கேட்டாரே உன் அப்பா, அந்தப் பேச்சு. அதற்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை. நீ பெட்டி கட்டிய அன்றைக்கு என் மனசும் உன் பக்கம்தான் நின்றது. நீ போன மறுநாளே அந்தப் படத்தை இறக்கிவிட்டார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வேறு படமே கிடைக்கவில்லையா என்று இப்போது கேட்டேன். “வெள்ளைச் சட்டை, கறுப்பு முடி, பின்னால கறுப்புத் திரை, நடுவுல அவ நிறம். கஷ்டமானது எல்லாம் ஒரே படத்துல இருக்கு. இது சரியா வந்தா மத்தது எல்லாம் தானா வரும்” என்று பாடம் எடுத்தார். நானும் நம்பித் தொலைத்தேன்.

முதல் ஷோரூமில் ஒரு துண்டுத் தாளில் உன் முகத்தை அடித்துக் கொடுத்தார்கள், கடை விளக்கில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. “விளக்குல எல்லாரும் அழகுதான்” என்று சொல்லிவிட்டு, துண்டைக் கையில் பிடித்தபடி விறுவிறுவென்று நடுத்தெருவுக்குப் போய்விட்டார். எதையோ தூக்கிக்கொண்டு ஓடுகிறார் என்று நினைத்துக் காவலாளி பின்னாலேயே ஓடினார். வெயிலில் பார்த்தால் நீ செக்கச்செவேல் என்று இருந்தாய். “இது யாரு?” என்று காவலாளியிடம் கேட்கிறார்! அந்த மனுஷன் பாவம், மிரண்டு போய் என்னைப் பார்த்தார்.

இரண்டாவது இடத்தில்தான் நடந்தது. அங்கே துண்டு சாம்பல் பூத்து வந்தது. டை கட்டிய விற்பனைக்காரர் உடனே, “ஒண்ணுமில்ல சார், முகத்தை மட்டும் கொஞ்சம் பிரைட் பண்ணிடறேன், சும்மா பளிச்சுனு வரும் பாருங்க” என்று மவுஸை லேசாக அசைத்தார். திரையில் நீ வெளுத்துக்கொண்டே போனாய். அப்பா எழுந்துவிட்டார். உட்கார்ந்தால் எழ முடியாத மனுஷன், எப்படி எழுந்தாரோ! “கையை எடுப்பா. அது என் பொண்ணு. அவ நிறம் அதுதான். உன் மிஷினுக்கு வரலைன்னா வரலைன்னு சொல்லு, அவளை மாத்தாதே” என்றார். கடையில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்து ஸ்கூட்டரை உதைக்கிறார், உதைக்கிறார், கிளம்பவில்லை. சாவியே போடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கேட்டிருந்தால் தூசி என்று சொல்லியிருப்பேன்.

மூன்றாவது இடத்தில் வந்த படம், நீயே எதிரில் நிற்கிற மாதிரி இருந்தது. முடிந்தது தொல்லை என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். எங்கே! அதைக் கிட்டே பிடித்தார், தள்ளிப் பிடித்தார், சுருட்டி வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொல்கிறார்: “எனக்குத் தெரியலை. அவ நிறம்தான் ஞாபகம் இருக்கா, நான் மாத்தி வெச்சதுதான் ஞாபகம் இருக்கா, புரியலை.” ஆயுசெல்லாம் முகங்களைப் பார்த்தே பிழைத்தவர், பாப்பா. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அதனால்தான் அவருக்குத் தெரியாமல் மூன்று துண்டுகளையும் எடுத்து உனக்கு அனுப்புகிறேன். பின்னால் எண் போட்டிருக்கிறேன். பகல் வெளிச்சத்தில், கன்னத்தோடு வைத்துப் பார். எது நீ என்று எழுது. நீ சொல்கிற மிஷின்தான் நம் கடைக்குள் வரும், அதற்கு நான் பொறுப்பு. அவரோடு பேசு என்று நான் சொல்லவில்லை. இதை மட்டும் சொல்லு தாயே, உன்னை விட்டால் வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

நீ நன்றாக இருக்க வேண்டும் என்றே எந்நேரமும் நினைக்கும்
அம்மா

*

அன்புள்ள அம்மா,

கவரைக் கவிழ்த்துத்தான் பார்த்தேன். மூன்று துண்டிலும் என் பாதி முகம். சட்டென்று கோபம்தான் வந்தது. மேஜை டிராயருக்குள் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். தொண்டை சரியாகிவிட்டது. வெந்நீர் குடித்ததால் அல்ல, அதுவாகவே.

விடுமுறை நாளில் மனசு கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். அறைத்தோழி ஒவ்வொன்றாக என் கன்னத்தோடு வைத்துப் பார்த்தாள். ஒன்றாம் எண் வேண்டவே வேண்டாம், யாரையோ அடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருக்கிறேன். இரண்டில் ஜுரம் வந்து படுத்திருக்கிறேன். மூன்றை வைத்ததும் அவள் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். அப்புறம், “துண்டு எங்க முடியுது, நீ எங்க ஆரம்பிக்கிறேன்னு தெரியலடி” என்றாள். தாடைக்குக் கீழே நிழல் கொஞ்சம் இருண்டு அடைத்துக்கொள்கிறது. அது தாளின் கோளாறாக இருக்கும். அதே மிஷினில் நல்ல மேட் தாளில் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல். ஸ்டுடியோவில் வளர்ந்தவள், இதுகூடத் தெரியாதா.

அம்மா, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். “அவளை மாத்தாதே” என்று அவர் நிஜமாகவே சொன்னாரா? நீ கொஞ்சம் கூட்டி எழுதுகிற ஆள். அந்த இடத்தை எத்தனை தரம் படித்தேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

அந்தப் படமும் பழசாகிவிட்டது. இப்போது கண்ணாடி போட்டிருக்கிறேன். முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டேன். வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குப் பிசியோதெரபிப் பயிற்சி கொடுத்து, வெயிலில் இன்னும் ஒரு சுற்றுக் கறுத்திருக்கிறேன். என்னை நிலைக்கண்ணாடியில் பார்க்க எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

அவருடைய முழங்காலுக்கு அடியில் குளிக்கிற துண்டு ஒன்றைச் சுருட்டி வைத்து, காலை நீட்டி அழுத்தி அழுத்தி விடச் சொல். காலையும் மாலையும் செய்ய வேண்டும். நான் சொன்னதாகச் சொல்லாதே, டாக்டர் சொன்னதாகச் சொல். இந்தக் கடிதத்தையும் காட்டாதே.

அன்புடன்
பாப்பா

*

என் மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மாவிடம் ஒரு விஷயம் தங்காது என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படி எழுதியிருப்பாய் என்று எடுத்துக்கொண்டேன். துண்டை வைத்துக் காலை அழுத்துகிறேன். எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்டேன், அம்மா அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே போய்விட்டாள். வலி குறைந்திருக்கிறது.

நீ சொன்ன மூன்றாவது மிஷினையே எடுத்துவிட்டேன். பன்னிரண்டு மை, பிக்மென்ட். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசல் கதவில் நுழையவில்லை. கதவைக் கழற்றி மாட்டினோம். அலமாரியை நகர்த்தி, உள் அறையில் சுவரோரமாக வைத்தாயிற்று. தாள் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. மேட் தாளில் அந்த ஷோரூமிலேயே போட்டுப் பார்த்தேன், தாடை நிழல் திறந்துகொண்டு தெளிவாக வந்தது. எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

அம்மா கூட்டி எழுதவில்லை. நான் அப்படித்தான் சொன்னேன். அந்த ஆள் மவுஸை அசைத்தபோது என் கையையே பார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்குக் கடைக்கு யார் வருவார்கள் என்று உன்னிடம் கேட்டவனும் நான்தான், பாப்பா. கேட்டிருக்கக் கூடாது. தப்பு முழுக்க என்னுடையது. உன் முகத்தை நினைத்துப் பார்த்தால் வெளுத்ததுதான் முன்னால் வந்து நிற்கிறது. இதைவிட எனக்கு வேறு தண்டனை வேண்டாம்.

மிஷினில் இதுவரை ஒரு படமும் போடவில்லை. ஆர்டர் எல்லாம் இன்னும் லேபுக்குத்தான் போகிறது. பழைய படத்தை இனி அடிப்பதாக இல்லை. கண்ணாடி போட்டிருக்கிறாயாம், முடி வெட்டியிருக்கிறாயாம், நான் பார்க்கவில்லையே. புதிதாக எடுக்க வேண்டும். லைட்டை நீ சொல்கிற இடத்தில் வைக்கிறேன். எடுத்து முடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் நீயே உட்கார், நான் பக்கத்தில்கூட வர மாட்டேன். மாட்டுவதா வேண்டாமா என்பதும் உன் இஷ்டம்.

சும்மா கிடந்தால் மை காய்ந்து துளைகள் அடைத்துக்கொள்ளும். அதனால் தினம் காலையில் வெறும் கோடு போட்ட சோதனைத் தாள் ஒன்று மட்டும் எடுக்கிறேன். மிஷினைப் பார்க்க வந்த கம்பெனி ஆள் தலையில் அடித்துக்கொண்டார். “இவ்ளோ பெரிய மிஷினை வாங்கி வெச்சுக்கிட்டுக் கோடு போட்டுட்டு இருக்கீங்களே சார், ஏதாவது ஒரு படத்தைப் போடுங்க” என்றார். “ஆள் வரணும்ப்பா” என்றேன். எப்போது வருவார்கள் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

வெயிலில் ரொம்ப அலையாதே, கறுப்பதற்காகச் சொல்லவில்லை, உடம்புக்கு ஆகாது. நல்லா இரும்மா.

அப்பா