சாலையோரப் பாதி

ஆகஸ்ட் 12, 2024
கத்தரிக்குப் பூ வந்துவிட்டது. விதைக் கம்பெனி பணம் கொடுத்து நடத்தும் ஆராய்ச்சி இது. என் அரை ஏக்கரை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். உள்பக்கப் பாதிக்குக் கம்பெனியின் சத்து மருந்து. சாலையோரப் பாதிக்கு எப்போதும் போடும் எரு மட்டும். எது ஜாஸ்தி காய்க்கிறது, எந்தக் காய் சென்னைக் கடைகளில் முதல் தரமாகப் போகிறது என்று பார்ப்பார்களாம். நடத்துவது மதிவதனி, வேளாண் கல்லூரி மாணவி. அவள் பட்டமே இதில்தான். எடை போட்டுக் கூடைக்குச் சீட்டுக் கட்டுவது என் மகள் தென்றல், பன்னிரண்டாம் வகுப்பு. என் வேலை, சொன்ன பாதிக்கு மருந்து ஊற்றிவிட்டுச் சும்மா இருப்பது. பத்தாம் வகுப்பு ஃபெயிலானவனுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் கிடைக்காது.

சாலையோரத்தில் பலகை வைத்தார்கள். 'ஆராய்ச்சித் திடல். விவசாயி: வி. கண்ணாயிரம்.' கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பேர் அச்சில் வந்தது இப்போதுதான்.

ஆகஸ்ட் 20
நேற்று பௌர்ணமி. கிரிவலம் போன கூட்டமெல்லாம் பலகையைப் படித்துவிட்டு, அதற்குப் பின்னால் வெளுத்து நிற்கும் செடியையும் பார்த்துக்கொண்டு போனது. மோர்ப் பந்தலில் பக்கத்து நிலத்து ஆதிமூலம் எல்லார் காதிலும் விழச் சொன்னான்: "இன்னாடா, பேரைப் பெருசா எழுதி வெச்சுட்டு செடிய பட்டினி போட்டுக்கீற?"

சிரித்தேன். வீட்டில் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 21
செய்துவிட்டேன். கேனில் பாதியைச் சாலையோரத்துக்கு ஊற்றிவிட்டு, குறைந்த அளவுக்குத் தண்ணீர் விட்டு நிரப்பினேன். அந்தத் தண்ணீர் மருந்துதான் உள்பக்கத்துக்கு. பால்காரன் கெட்டான்.

ஆகஸ்ட் 30
மூன்றாவது தடவை. செடி கருகருவென்று நிற்கிறது. ஆதிமூலம் "பரவால்லியே" என்றான். இதற்காகவா இத்தனையும்? இதற்காகத்தான்.

செப்டம்பர் 28
மூன்று பறிப்பு முடிந்தது. மதிவதனி நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "மருந்து போட்டது கம்மி, போடாதது ஜாஸ்தி. எப்படிங்கய்யா?"

"மண்ணு அப்படிம்மா" என்றேன். மண் என்ன செய்யும், பாவம்.

அக்டோபர் 5
எடையே பொய் என்கிறார்களாம் கம்பெனியில். வீட்டில் உட்கார்ந்து எழுதினாயா என்று பேராசிரியர் மதிவதனியைக் கேட்டாராம். அவள் மெதுவாகத்தான் விசாரித்தாள்: "தென்றல், சீட்டை ஏதாவது மாத்திக் கட்டிட்டியா?"

"மாத்தித்தான் இருப்பேன்க்கா. எனக்கே தெரியல. வேற யாரையாவது வெச்சுக்கோங்க." நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அழவில்லை.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், அடுக்கின கூடையையே மறுபடி அடுக்கிக்கொண்டு.

அக்டோபர் 6
என் பெண்டாட்டி பொன்னி தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள்: "அக்ரி காலேஜே வேணாம்ன்றா உம் பொண்ணு. ஒரு சீட்டு கட்டத் துப்பில்ல, நான் எங்க போய் படிக்கிறதுன்றா."

நான் இன்னொரு தோசை கேட்டேன். கேட்டேனே... என்ன மனுசன்டா நீ?

அக்டோபர் 7
சொல்லவில்லை.

அக்டோபர் 9
சொல்லிவிட்டேன். சிரிக்கிற மாதிரி ஆரம்பிக்கலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது வாயில் வரவில்லை. பொன்னி, "ஆதிமூலம் பேச்சுக்காகவா?" என்றாள். தென்றல் ஒன்றுதான் கேட்டாள்:

"அன்னிக்கு நான் நோட்டைக் குடுத்தப்ப பக்கத்துலதானப்பா நின்னீங்க?"

"ஆமாம்மா."

அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

மதிவதனிக்குப் போன் போட்டேன். நடந்ததை அவளிடமும் சொன்னேன். பிறகு, "எந்தெந்தத் தேதி, எவ்ளோ ஊத்துனீங்க, சொல்லுங்க" என்றாள். இந்த நோட்டைப் பார்த்துத்தான் சொன்னேன். எழுதிக்கொண்டாள். "உங்க கொல்லை இனி கணக்குல சேராதுங்கய்யா. எனக்கு ஒரு போகம் போச்சு." கடைசியில், "தென்றல்கிட்ட குடுங்க." அவள் போனை வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

அக்டோபர் 14
கம்பெனி வண்டி வந்து பலகையையும் கேன்களையும் ஏற்றிக்கொண்டு போனது. ஏன் என்று ஆதிமூலம் கேட்டான். உள்ளதைச் சொன்னேன். ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான் என்று காத்திருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நவம்பர் 23, சனி
ஆராய்ச்சி மறுபடி முதலிலிருந்து. இந்த முறை கீழ்பென்னாத்தூரில், சகாதேவன் என்பவர் கொல்லையில். வரிசைக்கு வரிசை சீட்டுக் கட்ட மதிவதனி தென்றலைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். ஒன்றரை மாதமாக என்னோடு 'ம்' தவிர வேறு பேசாதவள் காலையில், "பஸ்ஸு போயிடுச்சு. வண்டியில கொண்டாந்து வுடுங்க" என்றாள்.

போனதும் இறங்கி, சீட்டுக் கட்டோடு நேராக நாற்று வரிசைக்குப் போய்விட்டாள். வேலியோரம் வண்டியில் இருந்த என்னைச் சகாதேவன் கூப்பிட்டார்: "வாங்க, உள்ள வந்து பாருங்க."

தென்றல் நிமிராமலே சொன்னாள்: "எங்கப்பாதாங்க. அவரை உள்ள வுடாதீங்க."

மதிவதனி சிரித்துவிட்டாள். தென்றல் சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, வேலிக்கு மேலால் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வேலை முடியும்வரை வெளியிலேயே உட்கார்ந்திருந்தேன்.