சைக்கிளுக்குக் காற்றடிக்கும் காட்சி

மார்ச் 4, திங்கள்

மதிய ஆட்டம் விட்டபோது ஒருவர்கூடக் கண்ணைத் துடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இதே படத்துக்கு, இதே வாசலில், முக்கால்வாசிப் பேர் சிவந்த கண்ணோடு வந்தார்கள். தடியான ஓர் ஆள் என் குப்பைப் பையில் கசங்கிய காகிதத்தைப் போட்டுவிட்டு, "தூசி" என்றார். தியேட்டருக்குள் ஏது தூசி? பெருக்குவது நான்தானே.

இன்று எல்லோரும் கொட்டாவியோடு போனார்கள். மூன்று நாளில் மனிதர்கள் மாறிவிடுவார்களா என்ன?

மார்ச் 5, செவ்வாய்

மாறியது படம். இருட்டில் டார்ச்சோடு கதவோரம் நின்று பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஓடிய படத்தில், மகள் வீட்டை விட்டுப் போன பிறகு, அப்பா அவளுடைய சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றடிப்பார். வசனமும் இல்லை, இசையும் இல்லை. பம்ப் சத்தம் மட்டும். ஏழு நிமிடம். இன்று அது வரவே இல்லை. மகள் கதவைச் சாத்தினாள். உடனே கல்யாண வீடு வந்துவிட்டது.

படம் ஓட்டுவது என் மாமா, அம்மாவின் தம்பி. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். நாங்கள் இருப்பதும் அவர் வீட்டில்தான். சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன்.

"ஆமா, அந்த சீனை ஓட்டித் தள்ளிட்டேன். ஒருத்தன் உஸ்ஸு உஸ்ஸுன்னு காத்தடிக்கிறதை எவன் பாப்பான்? சனிக்கிழமை பெருக்கி முடியலன்னு மேனேஜர் உன்கிட்ட கத்துனார்ல? இப்ப உனக்கு ஏழு நிமிஷம் மிச்சம்."

எனக்காகவாம். தட்டோடு எழுந்துவிட்டேன்.

மார்ச் 6, புதன்

எங்கள் தியேட்டரில் இரண்டு இயக்குநர்களுக்குப் பட்டப்பெயர் உண்டு. வெடியும் பறக்கும் காருமாக எடுப்பவர் 'இடி'. இந்தப் படத்தை எடுத்தவர் 'ஊமை'. மாமா இடி கட்சி. கேன்டீன் அக்காவும்தான்.

"இடி படம்னா பாட்டுக்குப் பாட்டு கூட்டம் எழுந்து வரும். ஊமை படத்துல ஒருத்தனும் சீட்டை விட்டு அசைய மாட்டேங்குறான். பாப்கார்னை நானே திங்க வேண்டியதுதான்" என்றாள் அக்கா.

அப்போ அதானே நல்ல படம்? வாய்க்குள்ளேயே கேட்டுக்கொண்டேன்.

இடியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் படத்தின் இடைவேளையில் ஐநூறு பேர் ஒன்றாகக் கத்தும்போது நான் சாய்ந்து நிற்கும் கதவே அதிரும். அது எல்லோருக்கும் வராது. ஆனால் இடியின் வெடியில் ஒன்றை மாமா தள்ளுவாரா? ஒரு நொடியையாவது?

மாமா டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "பாத்துட்டு வர்றவங்களே சொல்றாங்க, ஊமை இந்தத் தடவை சொதப்பிட்டார்னு. இப்படியே போனா அடுத்த வாரம் தூக்கிட்டு இடியோட பழைய படத்தைப் போடுவாங்க. நான் அப்பவே சொன்னேன்ல?"

தள்ளியது யார், சொதப்பியது யார்?

"மாமா, ஒரே ஒரு ஆட்டம் முழுசா போடுங்க. கீழ வந்து என் பக்கத்துல நின்னு பாருங்க."

"ஒம்போதாவதுல நின்னவ எனக்கு சினிமா சொல்லித் தர்றியா?"

அக்கா சிரித்தாள்.

நின்றேன்தான். அம்மா படுக்கையில் கிடந்தபோது வேறு யார் பார்ப்பது? அதுக்காக எனக்குக் கண்ணுமா இல்ல? மூணு வருஷமா மூஞ்சி மூஞ்சியா பாக்குறேன். மாமா மேலே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறார். அவருக்குத் தெரிவதெல்லாம் பின்மண்டைகள்.

மார்ச் 7, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். "வாயை மூடிக்கிட்டு இருடி. நாம இருக்கிறது அவன் வீடு."

மார்ச் 9, சனி

சொல்லிவிட்டேன்.

மதிய ஆட்டம் விட்டு வந்த ஒரு பெண், கூட வந்தவரிடம் சொன்னார்: "அந்த அப்பா ஏன் திடீர்னு மாறிட்டார்? டைரக்டருக்கே தெரியல போல."

"அவருக்குத் தெரியும்கா. நடுவுல ஒரு காட்சி இருக்கு. இங்க போடல."

என் குரல் கீச்சென்று வந்தது. "என்னம்மா?" என்றார். மறுபடி சத்தமாகச் சொன்னேன். பத்துப் பேர் நின்றுவிட்டார்கள். அப்புறம் இருபது. மேனேஜர் ஓடி வந்தார்.

"யார் சொன்னது?"

வழக்கமாக நான் தரையைப் பார்ப்பேன். இன்று பார்க்கவில்லை.

"நான்தான் சார். ஏழு நிமிஷம். திங்கக்கிழமையிலேருந்து."

மாமா பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தார்.

மாலை ஆட்டம் முழுசாக ஓடியது.

மார்ச் 10, ஞாயிறு

மாமா பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. போகட்டும். நேற்று மாலை பம்ப் சத்தம் கேட்ட நேரம் முழுக்க அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை.

மார்ச் 14, வியாழன்

படம் இன்றோடு கடைசி. கெட்ட பெயர் முந்திக்கொண்டது, கூட்டம் வரவில்லை. வாசலில் இடியின் போஸ்டர் ஏறிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே மாமா ஐந்து நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"என்னத்தை சாதிச்ச? தூக்கிட்டாங்கல்ல?"

"தூக்கட்டும் மாமா. முழுப் படத்தைத் தூக்கட்டும். அரைப் படத்தைத் தூக்க வேணாம்."

மாமா படியேறி மேலே போனார்.

மதிய ஆட்டத்துக்குப் பதினான்கு பேர். மேனேஜர் விடுமுறை. மாமா நினைத்தால் தள்ளலாம், கேட்க ஆளில்லை. கதவோரம் நின்றேன். மகள் கதவைச் சாத்தினாள். திரை ஒரு கணம் கறுத்தது.

பம்ப் சத்தம் வந்தது.

வேலை நேரத்தில் நாங்கள் நாற்காலியில் உட்காரக் கூடாது. டார்ச்சை அணைத்துவிட்டு, நடு வரிசையில் போய் உட்கார்ந்தேன்.