பிரேக் மாற்றாத ஜீப்

புரட்டாசி, வெள்ளிக்கிழமை

ஜீப்புக்குப் பிரேக் மாற்ற, கச்சிராயபாளையம் மெக்கானிக் நேற்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கேட்டார்.

“இடஒதுக்கீடு போராட்டத்துல ரோடெல்லாம் மரத்த வெட்டிப் போட்டுக்கிறாங்க. சேலத்துலேர்ந்து சாமான் வர்லீங்க” என்றார்.

ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். போராட்டம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை மெதுவாக மலைக்கு ஏற்றி வந்துவிட்டேன்.

இன்று பக்கத்து வீட்டு ராணிக்குப் பிரசவ வலி. அவள் கணவன் முருகேசன் ஓடி வந்தான்.

“அண்ணே, ஜீப்ப எடுங்க.”

“பிரேக் புடிக்கலடா. எறக்கத்துல நிக்காது.”

அவன் திரும்பி ஓடிக் கயிற்றுக் கட்டிலை வெளியே இழுத்தான். ராணியை அதில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அடிவாரம் சேரும் முன்பே குழந்தை பிறந்தது. அழவில்லை.

அந்த மெக்கானிக் கேட்டது நியாயமான விலைதானா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.

திரும்பும்போது ராணிதான் என்னிடம் பேசினாள். “நீங்க இன்னா பண்ணுவீங்க, அண்ணே.”